ஆங்கிலப் பேச்சின் அணிகளை அடையாளம் காண எந்த வழி: பெயர்ப் பட்டியலா, தமிழ் அணியிலக்கணமா, செவிப்பயிற்சியா, எழுதிப் பார்ப்பதா?

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களும், விரிவுரையாளர் தகுதித் தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்களும், ஆங்கில மேடைப்பேச்சைத் தமிழில் பெயர்த்துச் சொல்லும் பணியில் இருப்பவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்வியுடன் வருகிறார்கள். ஆங்கிலப் பேச்சிலும் எழுத்திலும் ஆளப்படும் சொல்லாட்சி உத்திகளைக் கண்டுகொள்ள வேண்டும். அதற்கு அனாஃபோரா, லைட்டோட்டீஸ், கயாஸ்மஸ் என்று நீளும் பெயர்களை மனப்பாடம் செய்வதா, பள்ளியில் படித்த தமிழ் அணிகளோடு பொருத்திக்கொண்டு போவதா, உரைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகுவதா, தாமே எழுதிப் பார்ப்பதா என்பதே அந்தக் கேள்வி. நான்கு வழிகளையும் வெவ்வேறு காலங்களில் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தவன் என்ற முறையில், ஒவ்வொன்றும் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இங்கே வைக்கிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல் விரைவு. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உத்தி பிடிபடுகிறதா, அல்லது அச்சில் பார்த்துத் திரும்பப் படித்தால்தான் தெரிகிறதா? இரண்டாவது பெயரிடும் திறன். தேர்வில் உத்தி தெரிந்தால் போதாது, அதன் பெயரும் தெரிய வேண்டும். மூன்றாவது பிழைக்கான வாய்ப்பு: இந்த வழி நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லக்கூடுமா? நான்காவது, பேசுபவர் அந்த இடத்தில் அந்த உத்தியை ஏன் கையாண்டார் என்பதை இந்த வழி காட்டுகிறதா என்பது.

இவற்றோடு ஒரு வேறுபாட்டையும் முன்கூட்டியே மனத்தில் கொள்ள வேண்டும். மேலை மரபு இவ்வுத்திகளை இரு பெரும் பிரிவாகப் பார்க்கிறது. சொல் தன் நேர்ப்பொருளை விட்டு வேறு பொருளுக்குச் செல்வது ட்ரோப். பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, சொற்கள் நிற்கும் வரிசையும் திரும்பிவரும் முறையும் மட்டும் வேலை செய்வது ஸ்கீம். உருவகமும் ஆகுபெயரும் முதல் வகை; ஒரே தொடர் வாக்கியந்தோறும் திரும்பி வருவது இரண்டாம் வகை. நேர்ப்பொருளில் எடுத்தால் பொய்யாகிறதா என்று கேட்டால் முதல் வகை அகப்பட்டுவிடும். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய நேரு, உலகம் உறங்கும்போது இந்தியா விழித்தெழும் என்றார். அந்த நேரத்தில் லண்டனில் மாலை ஏழரை, நியூயார்க்கில் பிற்பகல் இரண்டரை, உலகம் உறங்கவில்லை. உறங்குவதும் விழிப்பதும் அங்கே அணிகள். இரண்டாம் வகையைப் பிடிக்க இந்தக் கேள்வி உதவாது. அதற்குச் செவி வேண்டும். எந்த வழி எந்த வகைக்கு ஏற்றது என்பதில்தான் முடிவு பெரிதும் தங்கியிருக்கிறது.

| அளவுகோல் | பெயர்ப் பட்டியல் | தமிழ் அணியிலக்கணம் | செவிப்பயிற்சி | எழுதிப் பார்த்தல் |
|---|---|---|---|---|
| கேட்டவுடன் பிடிபடுதல் | அரிது | பொருள்மாற்றம் பிடிபடும், சொல்லமைப்பு நழுவும் | மிக நன்று | மெல்லக் கைவரும் |
| பெயரிடுதல் | மிக நன்று | தமிழ்ப்பெயர் மட்டும் | இல்லை | இல்லை |
| தவறாக வழிநடத்தும் வாய்ப்பு | ஒத்த பெயர்கள் குழப்பும் | போலி ஒற்றுமைகள் பல | குறைவு | குறைவு |
| ஏன் என்று காட்டுதல் | இல்லை | ஓரளவு | ஓரளவு | மிக நன்று |
| தேவைப்படும் காலம் | சில வாரம் | ஏற்கெனவே படித்தவர்க்குச் சில நாள் | சில மாதம் | ஓராண்டும் ஆகலாம் |

## பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்தல்

பெரும்பாலோர் தொடங்கும் இடம் இது. வரையறை, ஓர் எடுத்துக்காட்டு, அடுத்த சொல் என்று போகும் பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. தேர்வு நெருங்கியவருக்கு இதைவிட விரைவான வழி இல்லை என்பதை மறுக்க முடியாது.

பட்டியலுக்கு எல்லை இல்லை என்பது இதன் முதல் மறைமுகச் செலவு. 1577-ல் ஹென்றி பீச்சம் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட தொகுப்பிலேயே ஏறக்குறைய 200 உத்திகள் இருந்தன. அவற்றுள் இன்றைய பேச்சிலும் செய்தியிலும் நாள்தோறும் எதிர்ப்படுபவை இருபதுக்குள் அடங்கிவிடும்; பட்டியலோ அரியதையும் எளியதையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. அடுத்த செலவு ஒத்த பெயர்கள் தரும் குழப்பம். சொற்றொடர் அமைப்பு தலைகீழாகத் திரும்புவது கயாஸ்மஸ். அப்படித் திரும்பும்போது அதே சொற்களே மீண்டும் வந்தால் ஆன்டிமெட்டபோலி. மொழியியல் தாளும் எழுத வேண்டியவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு: அனாஃபோரா என்ற சொல் சொல்லாட்சியில் வாக்கியத் தொடக்கம் திரும்பி வருவதைக் குறிக்க, மொழியியலில் முன்வந்த பெயரை 'அவன்', 'அது' போன்ற சொல் சுட்டுவதைக் குறிக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறு. பட்டியலில் உள்ள எடுத்துக்காட்டைக் கண்டவுடன் பெயர் சொல்லும் மாணவர், அதே உத்தியை ஒரு தலையங்கத்தின் நடுவில் கண்டால் கடந்து போய்விடுகிறார். அவர் கற்றது பெயரையும் எடுத்துக்காட்டையும் இணைக்கும் முடிச்சை, உத்தியை அன்று.

## தமிழ் அணியிலக்கணத்தை வைத்துப் பொருத்துதல்

நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெரும் சொத்து இருக்கிறது. தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. நன்னூல் ஆகுபெயரையும், மங்கலமும் இடக்கரடக்கலும் அடங்கிய தகுதி வழக்கையும் வகுத்துக் காட்டுகிறது. பள்ளித் தமிழில் இவற்றைப் படித்த ஒருவர், ஆங்கிலப் பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதே இல்லை.

சில இடங்களில் நம் இலக்கணம் ஆங்கிலப் பெயர்களைவிடத் தெளிவானது. மெட்டோனிமிக்கும் சினெக்டகிக்கும் வேறுபாடு என்ன என்று ஆங்கில மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் தடுமாறுகிறார்கள். சினையாகுபெயரும் முதலாகுபெயரும் சினெக்டகி என்றும், இடவாகுபெயரும் கருத்தாவாகுபெயரும் மெட்டோனிமி என்றும் சொன்னால் ஒரு தமிழ் மாணவருக்கு அன்றே விளங்கிவிடுகிறது. கப்பலில் 'ஆல் ஹேண்ட்ஸ்' என்று கைகளை அழைத்தால் ஆட்கள் வருகிறார்கள், அது சினையாகுபெயர். 'ஒயிட் ஹவுஸ்' அறிவித்தது என்றால் கட்டடம் பேசவில்லை, அது இடவாகுபெயர். இறப்பைச் சொல்லும் 'பாஸ்ட் அவே' நம் மங்கலம். பொதுவிடத்தில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். ஆங்கிலம் இரண்டையும் யூஃபமிசம் என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. ஒரு சொல் பல தொடர்களுக்கும் ஒளி தரும் தீவகம், ஆங்கிலத்தில் ஜூக்மா. ஆனால் மேலங்கியையும் பொறுமையையும் அவர் இழந்தார் என்பது போல, இழத்தல் ஒவ்வொரு பெயரோடும் வெவ்வேறு பொருளில் சேரும் வாக்கியங்களையே ஆங்கிலப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் இப்பெயரில் காட்டுவதால், அங்கே தீவகத்தோடு சிலேடையும் கலந்திருக்கிறது என்று கொள்வது சரியாக இருக்கும்.

நேருவின் அதே உரைக்குத் திரும்புகிறேன். விதியோடு நாம் செய்துகொண்ட 'டிரிஸ்ட்' என்று அவர் தொடங்கியதை 'ஒப்பந்தம்' என்று தமிழில் எழுதிவிடுவோர் உண்டு. டிரிஸ்ட் ஒப்பந்தம் அன்று. காதலர் முன்கூட்டியே பேசிவைத்துச் சந்திக்கும் இடமும் நேரமும் அது. நம் அகப்பொருள் மரபில் இதற்கு நேரான சொல் உண்டு: குறி. பகற்குறி, இரவுக்குறி என்று படித்த ஒருவருக்கு, நள்ளிரவில் ஆற்றப்பட்ட அந்த உரையின் முதல் வாக்கியத்தில் ஒரு தேசமே இரவுக்குறிக்கு வந்து நிற்பது கண்முன் விரியும். இதை எந்தப் பெயர்ப் பட்டியலும் தராது.

ஆனால் இந்த வழியின் மறைமுகச் செலவும் பெரிது. பொருத்தம் நன்றாக இருப்பதாலேயே, பொருந்தாத இடங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. மோனையை அலிட்டரேஷன் என்று கற்றுக்கொடுப்பது வழக்கம். மோனை எழுத்தைப் பார்ப்பது; உயிரெழுத்து இனமும் அதில் கணக்கு. அலிட்டரேஷன் ஒலியைப் பார்ப்பது. அதிலும் அழுத்தம் பெறும் அசையின் மெய்யொலியையே முதன்மையாகப் பார்ப்பது. ஆங்கில எழுத்தில் 'கே'யில் தொடங்கும் 'நைஃப்' (கத்தி), 'என்'னில் தொடங்கும் 'நைட்' (இரவு) என்ற சொற்கள் ஒலியால் இணைகின்றன. எதுகையைத் தேடி ஆங்கிலக் கவிதைக்குள் போனால், இரண்டாம் எழுத்து ஒன்றுவது அங்கே ஓர் ஒழுங்கே இல்லை என்பதைத் தாமதமாகத்தான் உணர்வோம். மறுப்பால் உடன்படும் லைட்டோட்டீஸுக்குத் தண்டியலங்காரத்தில் நேரான ஓர் அணியைச் சொல்வது கடினம். இங்கிலாந்து மேலாளர் ஒருவர் உங்கள் அறிக்கையை 'நாட் பேட்' என்றால் அது நல்ல பாராட்டாக இருக்கலாம். 'பரவாயில்லை' என்று மனத்துக்குள் பெயர்த்துக்கொண்டு வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அதை உணராதவரை நம்மவர்க்கு ஆங்கிலத்தின் சொல்லமைப்பு உத்திகள் கைவருவதில்லை. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் பேசிய உரை முடியும் இடத்தை எடுத்துக்கொள்வோம்: 'ஆஃப் த பீப்புள், பை த பீப்புள், ஃபார் த பீப்புள்'. திரும்பி வரும் சொல் தொடரின் கடைசியில் நிற்கிறது, ஆகவே எபிஸ்ட்ரோஃபி. அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: மக்களின், மக்களால், மக்களுக்காக. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுவதால், திரும்பி வரும் சொல் முன்னே வந்துவிட்டது; எபிஸ்ட்ரோஃபி அனாஃபோராவாக மாறிவிட்டது. 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் பேசிய 'வீ ஷால் ஃபைட்' பகுதியில் இதற்கு எதிர்மாறாக நிகழ்கிறது. கடற்கரைகளில் போரிடுவோம், தரையிறங்கும் திடல்களில் போரிடுவோம், வயல்களிலும் தெருக்களிலும் போரிடுவோம் என்று தமிழில் வினை கடைசிக்குப் போக, தொடக்கத்தில் ஒலித்த முழக்கம் முடிவில் ஒலிக்கிறது. வினைமுற்றை எதிர்பார்த்து வாக்கியத்தின் கடைசியில் காத்திருக்கும் செவி நம்முடையது. ஆங்கிலமோ பெரும்பாலும் வாசலிலேயே மணியடிக்கிறது. தமிழில் பொருளை வாங்கிக்கொண்டு அணியைத் தேடுகிறவருக்கு இந்த மணி கேட்பதில்லை.

## கேட்டும் குறித்தும் பழகுதல்

ஸ்கீம் வகைக்கு உரிய மருந்து இது. முதல் முறை எழுத்து வடிவம் இல்லாமல் கேளுங்கள். ஏதேனும் தொடர் திரும்பி வந்தது என்று தோன்றும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு மட்டும் இடுங்கள். இரண்டாம் முறை எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு, கோடிட்ட இடங்களைச் சரிபாருங்கள். மூன்றாம் முறை நீங்களே உரக்கப் படியுங்கள். இந்த மூன்றாம் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூச்சு எங்கே வாங்க வேண்டியிருக்கிறது என்பதை உணர்ந்த பிறகே, மூன்று உறுப்புகளாக ஏறிச்செல்லும் ட்ரைகோலனும், 'அண்ட்' இல்லாமல் அடுக்கும் அசின்டெட்டனும் உடலுக்குப் புரிகின்றன.

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் ஆற்றிய உரை இதற்கு ஏற்றது. 'ஐ ஹேவ் எ ட்ரீம்' என்பது எட்டு முறை வருகிறது. அந்தப் பகுதி அவர் கையிலிருந்த தயாரித்த உரையில் இல்லை. இதை அறிந்து கேட்டால், அனாஃபோரா என்பது அலங்காரத்துக்கு முன்பே பேச்சாளருக்கு ஒரு துணை என்பது விளங்கும்: பழகிய தொடரை நாக்கு சொல்லிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நொடியில் மனம் அடுத்த வாக்கியத்தைக் கட்டிக்கொள்கிறது, கேட்பவருக்கும் முன் சொன்னது உள்ளே இறங்க இடைவெளி கிடைக்கிறது. தாளில் வெறும் மிகைபோலத் தெரியும் திரும்பக் கூறல் மேடையில் தேவையாக இருப்பது இதனால்தான்.

ஓர் அசை தவறினாலும் உத்தி சிதையும் என்பதும் செவிவழியே தெரியவரும். 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங், ஒரு மனிதனின் சிறு அடி, மனிதகுலத்தின் பெரும் பாய்ச்சல் என்று முரண்பட நிறுத்திச் சொல்ல எண்ணினார். 'எ மேன்' என்பதிலுள்ள 'எ' ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கவில்லை. அது இல்லையென்றால் 'மேன்' என்பதே மனிதகுலத்தைக் குறிக்கக்கூடும். இரண்டு தட்டிலும் ஒரே பொருள் விழுந்து முரண் தளர்ந்துவிடுகிறது.

இதன் செலவுகளில் ஒன்று, நாம் கேட்பது அன்றைய குரல்தானா என்று பார்க்க வேண்டியிருப்பது. சர்ச்சிலின் அந்த உரை நாடாளுமன்றத்தில் ஒலிப்பதிவாகவில்லை. இன்று பரவலாகக் கேட்கப்படும் பதிவை அவர் 1949-ல் படித்துத் தந்தார். அதில் உள்ள நிறுத்தங்களை வைத்து அன்றைய அவையைப் பற்றி முடிவு கட்டக் கூடாது. மற்றொன்று, பெரும் உரைகளில் உத்திகள் அடர்த்தியாக இருப்பதால், அவற்றில் மட்டும் பழகிய செவி, அலுவலகக் கூட்டத்தில் மெல்லிய குரலில் சொல்லப்படும் 'வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்' என்பதன் பின்னால் வரப்போகும் மறுப்பைக் கேட்கத் தவறிவிடும். பெரும் உரைகளுக்கு ஒன்று என்றால், சாதாரண நேர்காணலுக்கும் விவாதத்துக்கும் இரண்டு என்ற விகிதத்தில் கேட்குமாறு என் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

## உத்தியை நீக்கியும் சேர்த்தும் எழுதிப் பார்த்தல்

ஐரோப்பியப் பள்ளிகள் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்த வழி இது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1512-ல் வெளியிட்ட பாடநூலில், உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது என்ற ஒரே கருத்தை நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் எழுதிக் காட்டினார்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். உத்தியை நீக்கிப் பார்ப்பதே பெரும்பாலும் போதும். 1961 ஜனவரி 20 அன்று கென்னடி சொன்னது, நாடு உங்களுக்கு என்ன செய்யும் என்று கேளாதீர்கள், நாட்டுக்கு நீங்கள் என்ன செய்யலாம் என்று கேளுங்கள் என்பது. இதையே 'மக்கள் நாட்டிடம் எதிர்பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு அதற்கு உழைக்க வேண்டும்' என்று எளிய ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். செய்தி மாறவில்லை, ஆனால் இப்போது அது வரி கேட்கும் அரசாங்கத்தின் குரலாக ஒலிக்கிறது. 'கன்ட்ரி', 'யூ' என்ற இரண்டு சொற்களும் இடம் மாறிக்கொண்டதால்தான், கேட்பவர் தாழ்த்தப்பட்டவராக உணராமல், ஒரு பரிமாற்றத்தின் மறுபக்கத்தில் நிற்பவராக உணர்ந்தார். இது வார்த்தை வரிசை மாறியும் தமிழில் உயிரோடு இருக்கும் உத்தி என்பதையும் கவனிக்கலாம். சொற்களை வரிசை மாற்றி எதிராகப் பொருத்தும் எதிர்நிரல்நிறை அறிந்தவருக்கு அந்தத் திருப்பம் அந்நியம் அன்று.

ஏன் என்ற கேள்விக்கு விடை தரும் வழி இதைப்போல் வேறில்லை. காலம் மிகுதி, எழுதியதைப் பார்த்துச் சொல்ல ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் தேவை, இவை வெளிப்படையான செலவுகள். மறைவான செலவு, உத்திகள் பழகியவர் அவற்றை இடமறியாமல் பயன்படுத்தத் தொடங்குவது. விடுப்பு விண்ணப்பத்தில் மூன்றடுக்குத் தொடர் எழுதிய மாணவர்கள் எனக்கு இருந்திருக்கிறார்கள். அந்தக் கட்டம் கடக்க ஓராண்டு கூட ஆகும்.

உரையை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து உத்திகளைப் பட்டியலிடச் சொல்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். நீங்கள் கோடிட்ட பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். முதலிலேயே கேட்டால், சாதாரணமாக இரண்டு முறை வந்த சொல்லுக்கும் ஒரு கிரேக்கப் பெயர் சூட்டித் தருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எதை விட வேண்டும் என்ற தீர்ப்பு நம்மிடம் இல்லாதபோது அது சுமையாகிறது.

## யாருக்கு எது ஏற்றது

தேர்வு இன்னும் இரண்டு மாதத்தில் என்றால் பெயர்ப் பட்டியலையே எடுங்கள். ஆனால் அகர வரிசையில் படிக்காமல் குழப்பும் இணைகளாகப் படியுங்கள்: அனாஃபோராவோடு எபிஸ்ட்ரோஃபி, அசின்டெட்டனோடு, 'அண்ட்' என்பதைத் திரும்பத் திரும்ப இட்டு அடுக்கும் பாலிசின்டெட்டன், மெட்டோனிமியோடு சினெக்டகி. எடுத்துக்காட்டைப் பட்டியலிலிருந்து எடுக்காமல் அன்றைய ஆங்கில நாளிதழின் தலையங்கத்திலிருந்து நீங்களே எடுத்து எழுதுங்கள்.

தமிழ் இலக்கணம் நன்றாகப் படித்து, ஆங்கிலம் பின்னர் வந்தவராக இருந்தால், ட்ரோப் வகை முழுவதையும் தமிழ் வழியாகவே கற்றுக்கொள்ளலாம். அதற்கு ஒரு வாரம் போதும். ஸ்கீம் வகைக்குத் தமிழை ஒதுக்கி வைத்துவிட்டு நேராகச் செவிப்பயிற்சிக்குப் போக வேண்டும். இரண்டையும் தமிழாலேயே கடக்க முயன்றவர்கள் பாதிவழியில் நின்றதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதுபோல, வெளிநாட்டு நிறுவனங்களோடு நாளும் பேச வேண்டியவருக்கு லைட்டோட்டீஸும் யூஃபமிசமும் முதல் தேவை. பெரும் உரைகள் பிறகு வரட்டும்.

கல்லூரியில் கற்பிக்கப் போகிறவருக்கு எழுதிப் பார்ப்பதைத் தவிர்க்க வழியில்லை. 'இங்கே ஏன் இது' என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்கும்போது பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

மேடையில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவரின் நிலை எல்லாவற்றிலும் கடினமானது, ஏனெனில் அவருக்கு உத்தி ஆங்கில வாக்கியத்தின் வாசலில் கேட்க வேண்டும், தமிழ் வாக்கியத்தின் முடிவில் ஒலிக்க வேண்டும். அவருக்கு நான் சொல்வது ஒரே ஒரு பயிற்சி. அனாஃபோரா நிறைந்த ஓர் ஆங்கிலப் பகுதியை எடுத்து, அதைத் தமிழில் இருமுறை பெயருங்கள்: திரும்பி வரும் தொடரை ஒரு முறை வலிந்து முன்னே நிறுத்தியும், மறுமுறை தமிழ் இயல்புப்படி வினைமுற்றாகப் பின்னே விட்டும். இரண்டையும் ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, மறுநாள் எந்த வரி நினைவில் இருக்கிறது என்று கேளுங்கள். பத்துப் பகுதிகள் இவ்வாறு செய்தவர், மேடையில் பேச்சாளர் இரண்டாம் முறை அதே சொல்லில் தொடங்கும்போதே, தம் தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டுவிடுவார்.